அசல் என்று யார் சொல்வது?

காஞ்சிபுரம் இட்லி என்றால் எந்த இட்லி என்று கேட்க வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் வேகும் குடலை இட்லி ஒன்று. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தார இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேக வைப்பார்கள். ஓட்டல்களில் டம்ளரிலும் கிண்ணத்திலும் வேகும் 'காஞ்சிபுரம் இட்லி' இரண்டாவது. எங்கள் ஊர் வீடுகளில் பெண்கள் செய்வது மூன்றாவது. முதலாவதற்குப் புகழ் உண்டு. இரண்டாவதற்கு விலை உண்டு. மூன்றாவதற்குப் பெயர்கூடக் கிடையாது.

எங்கள் ஆயா மிளகு இட்லி ஊற்றும் நாளில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் எழுந்ததில்லை: "நல்லாத்தான் இருக்கு, ஆனா கோயில் இட்லி மாதிரி வராது." மார்கழியில் மாவுப் பானையை அடுப்போரம் நகர்த்தவும், சித்திரையில் இரவு நேரம் கழித்து அரைக்கவும், மூடியைத் திறந்து மோந்து பார்த்தே பதம் சொல்லவும் தெரிந்தவள் அவள். மடப்பள்ளியில் சமைப்பவர்களோ ஆண்கள். உள்ளே நுழையவே முடியாத அடுக்களையின் பக்குவம் உனக்கு வரவில்லை என்று ஒரு பெண்ணிடம் சொல்வது என்ன நியாயம்?

நான் நுண்ணுயிரியல் படித்தவள். இந்தக் கேள்விக்கு எனக்குத் துணை கிடைத்தது நொதித்தல் பாடத்தில் வந்த பீரிலிருந்து. நம் ஊரில் பீர் என்றால் டாஸ்மாக்தான் நினைவுக்கு வரும். பெண்கள் வாயெடுத்துப் பேசக் கூடாத பொருள். ஆனால் இட்லி மாவுக்கும் பெல்ஜியத்தின் லாம்பிக் பீருக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. இரண்டிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. மாவைப் பொங்க வைப்பவை பெரும்பாலும் உளுந்தோடு வரும் பாக்டீரியாக்கள். லாம்பிக்குக்குக் கோதுமையும் பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை அகன்ற ஆழமில்லாத தொட்டியில் இரவெல்லாம் ஆறவிடுவார்கள். பிரஸ்ஸல்ஸ் பக்கத்துக் காற்றிலும் மரப்பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்கள் மீதி வேலையைச் செய்யும்.

2007இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அல்லகாஷ் என்ற ஆலை இதே மாதிரி தொட்டி கட்டியது. முறை அதேதான், ஆனால் காற்று வேறு. அதனால் தங்கள் பீருக்கு லாம்பிக் என்று பெயர் வைக்கவில்லை. அசலை மதித்தார்கள், தங்களுடையதை மட்டம் என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆயாவுக்குக் கிடைக்காத மரியாதை இதுதான்.

அசல் என்பதும் அப்படி ஒன்றும் அசையாத பொருள் இல்லை. கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட கோதுமை பீர், பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் 1950களில் நின்றே போனது. பால் வியாபாரியாக இருந்த பியேர் செலிஸ் 1960களில் அதை மீட்டார். பிறகு அவரே 1992இல் டெக்சாஸின் ஆஸ்டினில் ஆலை தொடங்கினார். அங்கே அவர் காய்ச்சியது அசலா, நகலா?

பெண்கள் எங்கே என்று தேடினால் கதை மாறுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் பீர் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்களின் வீட்டு வேலை. அது லாபமுள்ள தொழிலாக வளர வளர ஆண்களின் கைக்குப் போனதை ஜூடித் பென்னட் 1996இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டுகிறார். பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் பீரின் புகழ் ஆண் துறவிகளின் மடங்களுக்குச் சேர்ந்தது. லீஃப்மன்ஸ் ஆலையில் ரோசா மெர்க்ஸ் செயலாளராகச் சேர்ந்து தலைமைக் காய்ச்சுநராக உயர்ந்ததை இன்றும் அதிசயமாகச் சொல்கிறார்கள். பெல்ஜிய பீரைப் பார்த்துச் செய்ய 1991இல் கொலராடோவில் வீட்டு நிலவறையில் தொடங்கிய ஆலைக்கு 'நியூ பெல்ஜியம்' என்றே பெயர். அதைக் கணவரோடு தொடங்கிப் பல ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்தியவர் கிம் ஜோர்டன். அங்கும் ஆண்களே அதிகம். ஆனாலும் நகல் என்று சொல்லப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் பதிவாகிவிட்டது.

நம் தறியிலும் இதே கணக்குதான். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காப்பு வந்தது. வீட்டில் தார் சுற்றும் பெண்ணை மட்டும் இன்னமும் "ஒத்தாசைக்கு இருக்கா" என்றுதான் சொல்கிறோம்.

கோயில் இட்லி மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதன் இலை மணமும் மிளகுக் காரமும் வேறு, ஆயாவின் இட்லி வேறு. எது பழசு என்றால், இட்லியின் பெயர் எழுத்தில் முதலில் வருவதாகச் சொல்லப்படும் கன்னட வட்டாராதனையில், சுமார் 920இல், வீட்டுக்கு வந்த பிரம்மச்சாரிக்கு அதைப் பரிமாறுபவள் ஒரு பெண். அடுக்களையில் தொடங்கியதற்கு அடுக்களையையே நகல் என்கிறோம்.

ஆயாவின் அளவுகளை இப்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிடிக்கும் படிக்கும் அவள் சொல்லும் கணக்கைக் கிராமில் நிறுத்துப் பார்க்கிறேன். "கோயில் இட்லின்னே தலைப்பு போடேன், நாலு பேர் படிப்பாங்க" என்கிறாள். நான் அவள் பெயரைத்தான் போட்டிருக்கிறேன்.