பெரியப்பா காரின் வலது மட்கார்டு

வறட்சியைச் சாபமாகப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஐப்பசி பொய்த்தால் கரிசல் வெடிக்கும், வெடித்தால் கடன். ஆனால் சிவகாசிக்குப் பிழைப்பைக் கொடுத்ததும் அந்த வறட்சிதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மருந்து முக்கிய குச்சி காய்வதற்கும், பின்னால் வந்த பட்டாசுத் தொழிலில் திரி காய்வதற்கும் இந்த வெயிலும் ஈரமில்லாத காற்றும் வேண்டியிருந்தன. அதே காற்று எங்கள் பக்கத்துப் பழைய கார்களின் தகரத்தையும் காப்பாற்றி வைத்தது. யாரும் கணக்கில் எழுதாத லாபம் அது.

பெரியப்பாவிடம் இருந்தது மார்க் 2 அம்பாசடர். பருப்பு மண்டிக்கும் சிவகாசிக்கும் நடுவே ஓடிய வண்டி. திருத்தங்கல் பக்கம் ஒரு நாள் லாரி ஒன்று பின்னால் வாங்கியபோது வலது முன் மட்கார்டு ஹெட்லைட்டுக்கு மேலிருந்து கதவு வரை உள்வாங்கிவிட்டது. ஆமத்தூர் ரோட்டில் ஒரு டிங்கர் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம்.

“புதுசு மாட்டுறது அரைநாள் வேலை அண்ணாச்சி. போல்ட்டுதான். ஆனா கதவு ஓரத்துல இடுக்கு சேராது. பழசையே எடுத்துருவோம்.”

“பாத்துச் செய்யிப்பா. பிள்ளைக்குக் கல்யாணம் வருது, வண்டி வாசல்ல நிக்கணும்.”

அந்த மேஸ்திரி சொன்னது எவ்வளவு சரி என்பது பல வண்டிகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை அந்தக் காரைச் செய்தது. மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. தட்டியும் இழுத்தும் ஆள் கையால் பொருத்திய வண்டி என்பதால், ஒன்றின் மட்கார்டு இன்னொன்றில் அப்படியே உட்காராது. போல்ட் ஓட்டையை இழுத்து நேராக்கினால் பானெட் கோணும். பானெட்டைச் சரிசெய்தால் கதவு உரசும்.

ஹெரால்டு வேறு கதை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்கள் சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட கார். அதன் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டை வடிவமைத்தபோது, பாடி அழுத்திக் கொடுத்த கம்பெனி போட்டியாளர் கைக்குப் போயிருந்தது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், தனிச் சேசிஸின் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்தார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த அந்தக் காரில் பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முடை தந்த வசதி! இன்றைக்கு ஹெரால்டைப் புதுப்பிக்கிறவர் பாதி பாடியை ஸ்பேனரிலேயே பிரித்துவிடலாம்.

அம்பாசடரில் அந்தக் கொடுப்பினை கிடையாது. மேஸ்திரி கேஸைப் பற்றவைக்குமுன் பின் சீட்டைக் கழற்றச் சொன்னார். தீபாவளிக்கு முன்னால் பெரியப்பா அந்த வண்டியில் பட்டாசுப் பெட்டி ஏற்றுவது அவருக்குத் தெரியும். கந்தகமோ அலுமினியப் பொடியோ சந்துக்குள் இருந்துவிடக் கூடாது. டிக்கி, தரை, கதவின் உள்பக்கம் எல்லாம் கழுவிக் காயவைத்த பிறகுதான் நெருப்பைத் தொட்டார். பட்டாசு ஆலைக்குள் இரும்புக் கருவியே ஆகாது; பித்தளை, மரம், கீழே ரப்பர் விரிப்பு என்று பொறி பறக்காமல் காக்கிற ஊர். அவர் வீட்டிலும் ஆலை வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். அந்தப் பயத்தை நான் மிகப் பெரிய தொழிலறிவாக மதிக்கிறேன்.

கார்பைடும் தண்ணீரும் சேர்ந்து கிளம்பும் வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அடிபட்ட தகரம் நீண்டுவிடும். நீண்டதை எவ்வளவு தட்டினாலும் ஒரு பக்கம் அமுங்க, மறுபக்கம் புடைக்கும். அவர் காசளவுக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சுவார். அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டுவார். உடனே ஈரச்சாக்கை வைத்து அழுத்துவார். தகரம் சுருங்கும். அடுத்த புள்ளி. கண்ணைவிட உள்ளங்கையைத்தான் நம்பினார். பழுத்த பலாவைத் தடவிப் பார்ப்பதுபோல் மட்கார்டைத் தடவுவார்.

சக்கரத்துக்குப் பின்னால், சேறு அடைகிற கீழ் ஓரத்தில் மட்டும் தகரம் அரித்திருந்தது. தூத்துக்குடி உப்புக்காற்றில் ஓடிய வண்டியில் இந்த இடம் செதில் செதிலாக உதிரும், இங்கே கையகலம்தான். பழைய தினக் காலண்டர் அட்டையை அளவாக வெட்டி, அதை வைத்து 20 கேஜ் தகரத்தில் கோடு போட்டார். முருகன் முகம் அச்சான சிவகாசி அட்டை என்பதால் பின்பக்கத்தில்தான் வெட்டுக் கோடு வரைந்தார். துண்டை ஒரேயடியாகப் பற்றவைக்கவில்லை. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, சூடு தணியட்டும் என்று ஒரு பீடி. தொடர்ந்து ஓட்டினால் தகரம் நெளிந்துவிடும்.

பட்டியை அரைத்துப் பூசி ஒரே நாளில் பளபளப்பாக்குகிற கடைகள் அப்போதும் இருந்தன. எங்கள் வெயிலில் தடித்த பட்டி வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கினால் அடியில் துரு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணி சுற்றிய காந்தத்தை எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் பட்டியோ ஃபைபரோ இருக்கிறது.

இப்போது வண்டி பெரியப்பா மகனிடம். முழுதாகப் புதுப்பிக்கிறான். வலது மட்கார்டின் கீழ் ஓரம் மறுபடி அரித்திருப்பதால், சென்னை புதுப்பேட்டையிலிருந்து வேறொரு மட்கார்டு வாங்கி வந்திருக்கிறான். பழையதைக் கழற்றி எடைக்குப் போடுவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். வாங்கி வந்ததன் கீழ் ஓரம் கெட்டியாக இருக்கிறது, வளைவும் ஒத்துப்போகிறது. அதில் நான்கு விரல் அகலத்துக்கு வெட்டிப் பழையதோடு சேர்த்தால் போதும். கதவோடு சேரும் இடுக்கை யாரும் தொட வேண்டியதில்லை. அடுத்த வாரம் வெட்டுகிறார்கள். வெட்டுக் கோட்டை நானே போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.