540 சுற்றும் ஒரு துண்டும்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு சார். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் வகுத்துப் பார்ப்பான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், 'ஒரு இலைக்கு எவ்வளவு விழுந்திருக்கும்?' என்று சாம்பார் ஊற்றுகிறவரிடமே கேட்பான். அடியேனுக்கு அது கொஞ்சம் முற்றிய கேஸ். அதனால் ஒருநாள் எங்கள் தோப்பில் என்ன ஆகத் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, நான் சென்னை மேன்ஷனில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், அதில் 104 தென்னை. பாதி தாத்தா வைத்தது, பாதி அப்பா வைத்தது. பொழுது விடிந்தபோது நின்றுகொண்டிருந்தவை பதினொன்று.

மூன்றாம் நாள், பஸ் போகிற வரைக்கும் பஸ்ஸிலும் மீதி நடந்துமாக ஊர் போய்ச் சேர்ந்தேன். தோப்பு முழுக்க மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "வா தம்பி, சாப்பிட்டியா?" என்றார். நானும் "சாப்பிட்டேன்ப்பா" என்றேன். இரண்டு பேருமே அதற்கு மேல் பேசவில்லை.

அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 600 ரூபாய் இழப்பீடு, 500 ரூபாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்த. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! 93 மரம், 1,02,300 ரூபாய் என்று அங்கேயே போட்டுவிட்டேன். அப்பா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. வேரோடு சாய்ந்த மரங்களை ஜே.சி.பி. வைத்து இழுத்துப் போட்டதில் கொஞ்சம் போயிற்று. மாட்டுக் கொட்டகைக்கும் வீட்டு ஓட்டுக்கும் மீதி போயிற்று. நடுவில் முறிந்துபோன மரங்களின் அடிக்கட்டைகள் மட்டும் நின்றுவிட்டன. எண்ணினேன். 38.

'கட்டைதானே, கிடக்கட்டும்' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் காண்டாமிருக வண்டு என்று ஒரு ஆசாமி வருகிறார். மூக்கில் நிஜமாகவே கொம்பு இருக்கும். மக்கிப்போன தென்னங்கட்டையும் எருக்குழியும்தான் அவருக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பிறந்து வளர்ந்து, ராத்திரியில் பறந்துபோய் இளங்கன்றின் குருத்தைக் குடைவார். அதற்கப்புறம் விரிகிற மட்டையெல்லாம் யாரோ கத்தரிக்கோல் போட்டு விசிறி மாதிரி வெட்டினாற்போல வரும். அப்பா கட்டைகளுக்கு நடுநடுவே வைத்த கன்றுகளில் பன்னிரண்டு இப்படியே போயின. அப்பா தினமும் ஒரு கம்பியோடு தோப்பைச் சுற்றி வந்து, குருத்துக்குள் விட்டு வண்டைக் குத்தி எடுப்பார். போனில் பேசினால் 'நேத்து நாலு, இன்னிக்கு ஆறு' என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்வார்.

மறுபடி ஜே.சி.பி. வைக்கலாம். ஆனால் அது கட்டையோடு சேர்த்து நாலடி அகலத்துக்கு மண்ணைப் பெயர்த்து எடுக்கும். பக்கத்துக் கன்றின் வேரும் கூடவே வந்துவிடும். அப்போதுதான் ஒரு மெஷினைப் பற்றிக் கேள்விப்பட்டேன். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. அகலமான இரும்புச் சக்கரம், விளிம்பு முழுக்கக் கார்பைடு பல். அது கட்டையின் மேல் இறங்கி இடமும் வலமுமாகப் போய், நாம் தேங்காய் துருவுகிற மாதிரி, கட்டையைத் துருவித் தள்ளிவிடும். தரைக்குக் கீழே ஒரு முழம் வரைக்கும் போகும். குழி இருக்காது, தூள்தான் மிஞ்சும். தூளையும் குவித்து வைக்கக் கூடாது, வண்டு அதிலும் குடிவந்துவிடும். பரப்பிக் காயப்போட வேண்டும்.

2021 மாசியில் ஆள் கிடைத்தார். மணிக்கு 1,500 ரூபாய் வாடகை. ஒரு கட்டைக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்றார். 38 கட்டைக்கு ஏழு மணி முப்பத்தாறு நிமிஷம், 11,400 ரூபாய். நோட்டுப் புத்தகம், பேனா, கைக்கடிகாரம் சகிதம் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டேன். முதலாளி தோரணை!

அப்பா காலையிலேயே பக்கத்தில் வந்து, "தம்பி, அந்தக் கிணத்தடிக் கட்டையில ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, நீங்க போய்த் திண்ணையில உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

போய்விட்டார்.

தென்னை, மற்ற மரம் மாதிரி சில்லு சில்லாகத் தெறிக்காது என்பது அன்றுதான் தெரிந்தது. எல்லாம் நார். நாலு கட்டைக்கு ஒருதரம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு சிக்காகி நிற்கும். வண்டியை ஆஃப் பண்ணி, அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். பன்னிரண்டு நிமிஷம் இருபதாயிற்று. நோட்டில் நான் போட்ட கணக்கெல்லாம் அடித்தல் திருத்தலாயிற்று. இந்த லட்சணத்தில் பதினொரு மணிக்கு இன்னொரு தகராறு.

டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து மெஷினுக்கு ஒரு தண்டு போகும். பி.டி.ஓ. ஷாஃப்ட் என்பார்கள். இன்ஜின் பலத்தை மெஷினுக்குக் கொண்டுபோவது அதுதான். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். தண்டு உள்ளே சுற்றும். கவர் ஒரு சின்னச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு சுற்றாமல் நிற்கும். அந்தக் கவர் வெடித்துவிட்டது. டிரைவர் அண்ணன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பட்டுக்கோட்டை போயி வேற வாங்கியாந்துடறேன் சார். ஒரு மணி நேரம் ஆகும்" என்றார்.

ஒரு மணி நேரம்! இருக்கிற வேகத்துக்கு ஏற்கெனவே ஒருநாள் வேலை இரண்டு நாளாகிக்கொண்டிருந்தது. எனக்கோ மறுநாள் ராத்திரி பஸ்.

"அட, விடுங்கண்ணே. வண்டிகிட்ட யாரு வரப்போறா?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாடகை கொடுக்கிறவன் சொல்கிறான், என்ன செய்வார்? ஏறி உட்கார்ந்தார்.

மூன்று மணி இருக்கும். வண்டி கிணற்றடிக் கட்டைக்குப் பின்னோக்கி வந்து நின்றது. சக்கரம் இறங்கப் போகிறது. வீட்டுப் பக்கமிருந்து அப்பா ஓடி வருகிறார். வாய் அசைகிறது, அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து, ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். டிரைவரின் கண்ணில் படவேண்டும் என்று நேரே டிராக்டர் சக்கரத்துக்கும் மெஷினுக்கும் நடுவில் வந்து நின்றார்.

துண்டின் நுனி தண்டைத் தொட்டது.

தொட்டது என்றுதான் சொல்ல முடியும். அடுத்து நான் பார்த்தபோது அப்பா கையில் துண்டு இல்லை. தண்டின்மேல் வெள்ளையாக ஒரு உருண்டை சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் அதற்குள் நிறுத்திவிட்டார். அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். குறுக்கே தோல் வழண்டு சிவப்பாக ஒரு பட்டை.

நான் எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. நோட்டு எங்கே விழுந்ததென்றும் தெரியாது.

"அந்தக் கட்டையில இரும்பு முளை இருக்குடா" என்றார் அப்பா, மூச்சு வாங்க. "உங்க தாத்தா மாடு கட்டறதுக்கு அடிச்சது. வளையம் ஒடிஞ்சு போச்சு, முளை உள்ளேயே நின்னுடுச்சு. வெளியில தெரியாது. அதுல பட்டா மெஷினு பல்லு போயிடும். அதுக்கு வேற உன்கிட்ட காசு கேப்பாங்களேன்னுதான்..."

காலையில் சொல்ல வந்தது அதைத்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வியாதி விடுமா? கணக்குப் போட்டேன். தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. விநாடிக்கு ஒன்பது. இரண்டரை அங்குலக் குழாய், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய எட்டு அங்குலம் இழுக்கும். ஆக, விநாடிக்குச் சுமார் ஆறடி. அப்பாவின் துண்டு ஐந்தடி. வெயிலில் போகும்போது அதைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, முன்னால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வது அவர் பழக்கம். அன்றைக்குக் கொடி காட்ட வேண்டியிருந்ததால் கையில் இருந்தது. மேற்கொண்டு போடப் பிடிக்காமல் எழுந்து திண்ணைக்கு வந்தேன். அப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், மஞ்சள் பத்துப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு.

மறுநாள் காலை நானே பஸ் ஏறிப் போய்ப் புதுக் கவர் வாங்கி வந்தேன். கிணற்றடிக் கட்டையைத் தவிர எல்லாம் முடிந்தது. அதை மட்டும் அப்பா, 'நான் கடப்பாரை போட்டுப் பாத்துக்கறேன்' என்று சொல்லிவிட்டார். பஸ்ஸைத் தள்ளிப் போட்டேன். ஆபீஸில் என்ன சொன்னேன் என்பது வேறு கதை.

சாயங்காலம் டிரைவர் அண்ணன் கணக்குச் சொன்னார். முதல்நாள் தண்டில் சுற்றியிருந்த துண்டைக் கத்தியால் அறுத்து எடுத்தாரே, அந்த இருபத்தைந்து நிமிஷத்தையும் சேர்த்திருந்தார்.

பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.

வண்டி போனதும் அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லியா? பேரமே பேசல?"