பிழை அப்பாவின் கையில் இல்லை

சென்ற ஆண்டு அப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசித்தபோது அவருடைய பழைய கருவிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தின் ரப்பர் ஆலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். சுங்கை பட்டாணிக்குக் குடிவந்த பிறகும் வீட்டின் பின்புறம் ஒரு வைஸைப் பொருத்திக்கொண்டு, அக்கம்பக்கத்தாரின் மோட்டார், புல்வெட்டும் மிஷின், கேட் என்று எதையாவது பழுது பார்த்துக்கொண்டிருப்பார்.

இணையக் கடையில் தேடினேன். டேப், டை என நாற்பது உருப்படிகள் கொண்ட பெட்டி, 45 வெள்ளி. யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

டேப் என்றதும் தண்ணீர்க் குழாயை நினைக்காதீர்கள். போல்ட் இறங்க வேண்டிய துளையின் உள்ளே மரை வெட்டும் கருவி அது. போல்ட்டின் மேல் மரை வெட்டுவது டை. ‘மரை கழண்டவன்’ என்று கேலி செய்கிறோமே, அதே மரைதான்.

அப்பாவிடம் டேப் இல்லாமல் இல்லை. ஆனால் எல்லாம் அங்குலக் கணக்கு. தோட்டத்து இயந்திரங்கள் பிரிட்டிஷ் காலத்தவை. 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை அளவுதான் அவற்றுக்கு. அதன் கோணம் 55 டிகிரி. இன்றைய மோட்டார்களில் இருக்கும் மில்லிமீட்டர் மரைக்கு 60 டிகிரி. ஒன்றின் டேப் மற்றதற்கு உதவாது. அதனால்தான் என் பரிசைப் பார்த்ததும் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இரண்டு வாரம் கழித்து, கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் தன் காப்சாய் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தான். புகைக்குழாயைப் பிடிக்கும் எம்6 ஸ்டட் துருவேறி உடைந்திருந்தது. அப்பா அதைத் துளைத்தெடுத்து, புது டேப்பை விட்டுத் திருகினார். பாதியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். டேப் உள்ளேயே முறிந்துவிட்டது.

முறிந்த டேப் சும்மா விடாது. அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கும். கடைசியில் என்ஜின் தலையைக் கழற்றி, மின்பொறியால் அரித்தெடுக்கும் பட்டறைக்குக் கொடுத்தோம். 120 வெள்ளி செலவு. பையனுக்கு இரண்டு நாள் வேலை போயிற்று. “பரவாயில்லை மாமா” என்றான். அப்பா பதில் பேசவில்லை.

அன்று மாலை அவர் கருவிப் பெட்டியைப் பூட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். “வயசாயிருச்சும்மா. கை நிதானம் போயிருச்சு. இனி ஊரான் பொருளைத் தொடக் கூடாது.”

120 வெள்ளியைவிட அந்தப் பேச்சுதான் என்னை உறுத்தியது.

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது முதலில் சொல்லிக் கொடுத்த பாடம், ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு சொல்லாதே என்பது. அப்பா தன் கையைக் குற்றவாளி ஆக்கிவிட்டார். டேப்பை யாரும் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை டவுனில் உள்ள ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். ஹைஸ்பீட் ஸ்டீல் என்பதைக் குறிக்கும் ‘எச்எஸ்எஸ்’ முத்திரை உள்ள சாதாரண எம்6 டேப் ஒன்று, 14 வெள்ளி. ஜப்பான் தயாரிப்பு ஒன்று, 36 வெள்ளி. கேட் செய்யும் பட்டறையில் 10 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒன்றும் கேட்டு வாங்கினேன்.

அப்பா முதலில் மறுத்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எம்6 மரைக்கு 5 மில்லிமீட்டர் துளை. ஒரே டிரில், ஒரே எண்ணெய், ஒரே கை. ஒவ்வொரு டேப்புக்கும் ஆறு துளைகள்.

வெட்டுவதற்கு முன் மூன்றையும் கண்ணாடி மேசையில் உருட்டினார். பெட்டி டேப் ஆடி ஆடி உருண்டது. கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்தார். மற்ற இரண்டும் நகத்தைச் சீவின. அது வழுக்கியது.

வானொலியில் இருப்பதால் எனக்குக் காதுதான் தொழில். ஜப்பான் டேப் ‘கர்ர்’ என்று ஒரே சீராக ஆறு துளைகளையும் முடித்தது. 14 வெள்ளி டேப்பும் ஆறையும் முடித்தது. மரை கொஞ்சம் சொரசொரப்பு, திருக இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும், அவ்வளவுதான். பெட்டி டேப் இரண்டாவது துளையிலேயே கிறீச்சிட்டது. அது வெட்டிய மரையில் புது போல்ட் லொடலொடவென்று ஆடியது. நான்காவது துளையில் அதே ‘டக்’.

முறிந்த துண்டை அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உடைந்த இடம் சீனி தூவியது போல் மணிமணியாக இருந்தது. “பதம் போடுறப்ப சூடு மிஞ்சியிருக்கு. இப்படித்தான் நொறுங்கும்” என்றார். பிறகு தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் மறுபடி பூட்டவில்லை.

அப்பாவுக்கோ தம்பிக்கோ இப்படி ஏதாவது வாங்க நினைப்பவர்களுக்கு அவர் சொன்னவை இவை. நாற்பது உருப்படி வேண்டாம். வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் எம்6, எம்8, எம்10 போதும். தனித்தனியாக வாங்குங்கள். அளவும் மரை இடைவெளியும் தண்டில் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். சாதாரண மரையென்றால் துளை முறையே 5, 6.8, 8.5 மில்லிமீட்டர். எண்ணெய் விட்டு அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே திருகினால் சீவல் உடைந்து வெளியேறும். விலை அதிகமானதுதான் நல்லது என்றில்லை; அந்த 14 வெள்ளி டேப்பே அவருக்குப் போதுமாம்.

என் பரிசுப் பெட்டி வீணாகவில்லை. பழைய போல்ட்டுகளின் துருவைச் சுரண்ட அதிலுள்ள டைகளைப் பயன்படுத்துகிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் மறுபடி வந்தான். இந்த முறை அவன் அக்காவின் மோட்டார். “என் கையால செய்யலாமா தம்பி?” என்று அப்பா கேட்டார்.

“வேற யாருகிட்ட போவேன் மாமா?” என்று சொல்லிவிட்டு, அவனே ஸ்டாண்டைப் போட்டான்.