யாருடைய சத்தம்? ஒரு கிட்டார் ஆம்ப் வாங்கிய கதை

அம்பேத்கர் பிறந்தநாள் மேடையில் கிட்டார் வாசிப்பதா, அதுவும் பாட்டே இல்லாத வெறும் இசையா என்று நம் தோழர்கள் சிலருக்கே எரிச்சல். "ஊர்ல எரியிற பிரச்சினை ஆயிரம் கெடக்கு, உங்களுக்கு ஆம்ப் ஒரு கேடா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கிட்டார் ஆம்ப் வாங்கப் போனால் கூலி, கடன், சாதி, காவல்துறை அனுமதி என்று எல்லாமே பின்னால் வந்து நிற்கின்றன. நம் வாழ்க்கையில் எந்தப் பொருள்தான் தனியாக வருகிறது?

எங்கள் இரவுப் பாடசாலையில் படித்து, இப்போது கல்லூரிக்குப் போகும் மூன்று பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். ஒரு தம்பி மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது கிட்டார் கற்றவர். இன்னொருவர் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். தங்கை ஒருத்தி டிரம்ஸ். கம்பம் பள்ளத்தாக்கில் இந்த மூன்று வீட்டு அம்மாக்களும் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். இவர்களுக்குப் பிடித்துப்போன இசை 1960-இல் இங்கிலாந்தில் வெளியானது. 'தி ஷேடோஸ்' என்ற குழுவின் 'அபாச்சி'. பாடகர் கிடையாது. கிட்டாரே பாடும். அதை அச்சு அசலாக அதே ஒலியில் வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

அந்த ஒலிக்கு ஒரு வரலாறு உண்டு. லண்டனுக்கு அருகே டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் என்பவரின் நிறுவனத்தில், டிக் டென்னி என்ற பொறியாளர் 1958-இல் உருவாக்கியது 'வாக்ஸ் ஏசி 15'. பதினைந்து வாட்ஸ், வால்வு ஆம்ப். ஷேடோஸ் குழுவினர் முதலில் வாசித்தது அதில்தான். ரசிகர்கள் கூச்சலில் கிட்டார் கேட்கவில்லை, இன்னும் சத்தம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதன் விளைவாக வந்ததுதான் 'ஏசி 30'. இ.எல். 84 என்ற சிறிய வால்வுகள் நான்கு, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. பின்னால் பீட்டில்ஸ் முதல் பலரும் அதை வைத்துத்தான் உலகைச் சுற்றினார்கள். தேனி கடைத்தெருவில் "ஏசி வாங்கணும்" என்றால் குளிர்சாதனக் கடைக்குக் கை காட்டுவார்கள். அது வேறு கதை.

இன்று புதிதாக ஒரு ஏசி 30 வாங்க ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். முப்பது கிலோவுக்கு மேல் எடை. தம்பி அதற்கும் வழி யோசித்து வைத்திருந்தார். அம்மா பெயரில் குழுக் கடன், வாரத் தவணை. "அண்ணே, அந்த ஆம்ப்ல வாசிச்சாத்தாண்ணே அந்தச் சத்தம் வரும். கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிருவோம்" என்றார். வாரத் தவணை கட்ட முடியாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கேரளாவுக்குப் போன குடும்பங்களை அந்தத் தெருவிலேயே நமக்குத் தெரியும். மலையேறும் ஜீப்பில் கால் தொங்க உட்கார்ந்து போகிற ஒரு அம்மாவின் முதுகில் முப்பது கிலோ வால்வு ஆம்பை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்வது எளிது. ஏன் தேவையில்லை என்று விளக்குவதுதான் நம் வேலை. "நீ ஆசைப்படாதே" என்று சொல்லும் ஆட்கள் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள். ஆகவே உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதல் கணக்கு, வாட்ஸ். பதினைந்து வாட்ஸ் முப்பது வாட்ஸ் ஆனால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆக, ஏசி 15-க்கும் ஏசி 30-க்கும் இடையில் சத்தத்தில் இருக்கிற வித்தியாசம் கொஞ்சம்தான். அதோடு ஆம்புக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து மைக் செட்டுக்குக் கொடுத்துவிட்டால், தெரு முழுக்கக் கேட்க வைப்பது சவுண்ட் சர்வீஸ்காரர் வேலை.

இரண்டாவது, அந்த ஒலி எதனால் வருகிறது? ஆம்ப் அதில் ஒரு பங்குதான். ஹாங்க் மார்வின் கையில் இருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அமெரிக்காவிலிருந்து 1959-இல் கிளிஃப் ரிச்சர்ட் வரவழைத்துக் கொடுத்தது. கம்பிகள் கனமானவை. வலது கை, கிட்டாரின் அதிர்வுக் கைப்பிடியை விட்டு விலகாது. முக்கியமாக, மியாஸி என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி. ஒரு சுரத்தைத் தட்டினால் அது இரண்டு மூன்று முறை பின்னாலேயே ஓடி வரும். இந்த எதிரொலி இல்லாமல் ஏசி 30 மட்டும் இருந்தால் அபாச்சி வராது. எதிரொலியும் கையும் சரியாக இருந்தால் சிறிய ஆம்பிலும் பெருமளவு வந்துவிடும்.

மூன்றாவது, நம் ஊர் மின்சாரம். மாலையில் பல்பு மங்குகிற தெருவில் வால்வு ஆம்புக்கு ஸ்டெபிலைசர் வேண்டும். வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டும், அதை வெளியூரிலிருந்து தருவிக்க வேண்டும். பழைய பல ஆம்புகளின் ஒலியைக் கணினிச் சில்லு மூலம் போலச் செய்யும் 'மாடலிங்' ஆம்புகள் இன்று கிடைக்கின்றன. வாக்ஸ் நிறுவனமே விற்கிறது, பாஸ் கட்டானா போன்றவையும் உண்டு. ஏசி 30 விலையில் கால்வாசிதான். எதிரொலி உள்ளேயே இருக்கிறது. ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம். அதையும் வாங்க முடியாதவர்கள் கிட்டாரை நேராக மைக் செட் ஆம்பில் சொருகிவிடுகிறார்கள். அது சரிவராது. கிட்டாரின் பிக்கப்புக்கு அந்த உள்வாங்கி பொருந்தாமல் ஒலி மந்தமாகும், குழாய் ஸ்பீக்கரோ நடுச் சத்தத்தை மட்டும்தான் கத்தும். இடையில் ஒரு சிறிய எஃபெக்ட்ஸ் பெடல் வைத்தால் தப்பிக்கலாம்.

இப்படியாகப் பழைய மாடலிங் ஆம்ப் ஒன்று, மூன்று பேரின் பகுதிநேர வேலைக் காசில், கடன் இல்லாமல் வந்து சேர்ந்தது.

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு இன்னொரு காரணம் அந்த 1958. டார்ட்ஃபோர்டில் ஏசி 15 வெளியான அதே ஆண்டு, அமெரிக்காவில் லிங்க் ரே என்ற கிட்டார் கலைஞர் 'ரம்பிள்' என்ற இசையை வெளியிட்டார். அவர் தாய் ஷானி என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். தனக்கு வேண்டிய கரடுமுரடான ஒலிக்காக ஆம்பின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டவர். அந்த இசையை நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களில் சில வானொலிகள் தடை செய்தன, இளைஞர்களை வன்முறைக்குத் தூண்டுமாம். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. சொல்லே இல்லாத ஒலிக்குத் தடை! ஒலியே சிலருக்குக் குற்றமாகப் படும் என்பது நமக்குப் புதிய செய்தியா?

அதே 1958-இல் நமது மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் போட்டியிட்டார். தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே பாடிப் பிரச்சாரம் செய்தவர் நம் பண்ணைப்புரத்து பாவலர் வரதராஜன். ரோசம்மா வென்றார். அந்த அண்ணனோடு மேடை மேடையாகச் சுற்றிய தம்பிதான் பின்னாளில் சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் கிட்டாரும் கற்று, 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்று பாட்டே இல்லாத ஓர் இசைத்தொகுப்பைத் தந்த இளையராஜா. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த பிள்ளைக்குக் கிட்டார் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

சரி, 'அபாச்சி'க்கு வருவோம். அபாச்சி என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளின் பெயர். ஜெரி லார்டன் என்ற ஆங்கிலேயர், 1954-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தைப் பார்த்த பாதிப்பில் இந்த மெட்டை எழுதினார். அந்தப் படத்தில் அபாச்சி வீரனாக நடித்தவர் பர்ட் லங்காஸ்டர் என்ற வெள்ளை நடிகர். இசைப்பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் "பூர்வகுடி மணம்" வருவதற்காக ஒரு முரசு ஒலிக்கும். அது சீன முரசு. அடித்தவர் லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட். பெயர் அபாச்சியுடையது, முரசும் அவர்களுடையது என்று பாவனை, ஆனால் அந்த அறையில் ஒரு அபாச்சிகூட இல்லை. உண்மையான பூர்வகுடித் தாயின் மகன் வாசித்தது தடை செய்யப்படுகிறது, பூர்வகுடி பெயரை வைத்து மற்றவர்கள் வாசித்தது முதலிடத்துக்குப் போகிறது. நம் அடவும் அடியும் சினிமாவில் குத்துப்பாட்டாகி, அடித்தவர் பெயர் இல்லாமல் போவது போலத்தான்.

அதற்காக அந்த இசையைத் தூக்கி எறிய வேண்டுமா? தங்கை இதைத்தான் கேட்டாள். வேண்டாம் என்பதே என் பதில். 1973-இல் 'இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்' என்ற குழு இதே மெட்டைத் தோல் கருவிகளோடு மறுபடி வாசித்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் என்ற கறுப்பின இளைஞர் அந்தத் தாளப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, பெரிய ஸ்பீக்கர்களில் தெருவையே ஆட வைத்தார். ஹிப்ஹாப் அங்கிருந்து எழுந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் கைக்கு வந்ததும் ஒரு மெட்டின் பொருள் மாறிவிடும். 2018 ஜனவரியில் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் பறையும் கானாவும் கிட்டாரும் ஒன்றாக நின்றபோது நாம் பார்த்ததும் அதுதான்.

எங்கள் குழுவில் அந்த முரசை யார் அடிப்பது என்ற கேள்வி வந்தது. தங்கையின் அப்பா ஒரு காலத்தில் தப்பு அடித்தவர். சாவு வீட்டுக்கு அடிக்க வரவேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து, ஊர்க் கட்டுப்பாட்டையும் மிரட்டலையும் தாங்கி நிறுத்தியவர். அதற்குப் பிறகு அவர் தோலைத் தொடவில்லை. அவரிடம் போய்க் கேட்கவே எனக்குத் தயக்கம். மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. பறை விடுதலைக் கருவி என்று நாம் மேடையில் பேசுகிறோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் அதைத் தலைநிமிர்ந்து அடித்துக் காட்டினார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் அடிக்க மாட்டேன் என்று நின்ற தலைமுறையின் மறுப்பும் அதே அளவு விடுதலைதான். அதை நாம் மறந்துவிடக் கூடாது.

மகள்தான் கேட்டாள். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அந்த ஆம்பைப் பார்த்து, "இது எப்பிடித் தம்பி வேலை செய்யுது?" என்று என்னிடம் கேட்டார். பழைய ஆம்பில் வால்வு சூடேறிய பிறகுதான் ஒலி வரும், இது அதைப் போலச் செய்வது என்று சொன்னேன். "அப்ப நம்மளுது மாதிரிதான். காய்ச்சாம அடிச்சா பேசாதுல்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "சாவுக்கு இல்ல, காசுக்கு இல்ல. எம் மக மேடைக்கு அடிக்கிறேன்" என்றார்.

ஒலிபெருக்கி அனுமதிக்கு அலைந்தது தனிக் கதை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல். ஆனால் திருவிழா முழுக்கக் குழாய் கட்டும் தெருவுக்கு வராத புகார், நம் தெருவில் மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு வந்துவிடுகிறது. எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி, விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் மேடை போட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாய்ப்பேச்சு அனுமதியை நம்பாதீர்கள்.

வாசிப்பதற்கு முன் அபாச்சி மக்கள் யார், லிங்க் ரே யார் என்று தங்கை இரண்டு நிமிடம் பேசினாள். தப்பு முதலில் ஒலித்தது, பின்னால் கிட்டார் வந்தது. ஷேடோஸ் ஒலி அச்சு அசலாக வந்ததா என்றால், நுட்பமான காதுக்காரர்கள் இல்லை என்பார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, நாளை நீங்கள் ஆம்போ கேமராவோ மைக்கோ வாங்கப் போவீர்கள். எந்தப் பிராண்டு என்று கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள். இதற்கான காசு யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது? பழுதானால் நம் ஊரிலேயே சரிசெய்ய முடியுமா? இதை வைத்து யாருடைய சத்தம் வெளியே கேட்கப்போகிறது? மூன்றுக்கும் பதில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், நன்றாகச் சத்தமாகவே வாசியுங்கள்.

ஜெய்பீம்!