ஆடாத கட்டில்

எங்க தாத்தா தூத்துக்குடியில தோணித் தண்டல். தண்டல்னா தோணிக்கு கேப்டன் மாதிரி. பதினைந்து வயசுல சமையல் பையனா ஏறினவர். அப்போ அவர் தோணியில என்ஜின் கிடையாது, பாய் மட்டும்தான். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, செங்கல், சிமெண்ட் ஏத்திட்டுப் போவாங்க. சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாமே தோணியிலதான். கடல் கொந்தளிக்கிற மாசங்கள்ல தோணியைக் கட்டிப் போட்டுடுவாங்க. அதனால ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழாவுக்கு வீட்ல இருப்பார். எங்களுக்கு அவர் திருவிழா விருந்தாளி.

2011-ல் கண் பார்வை மங்கிப்போய் ஒரேயடியா கரைக்கு வந்துட்டார். எனக்கு அப்போ ஏழு வயசு.

முதல் வாரம் தாத்தா தூங்கவே இல்லை. "கட்டில் ஆட மாட்டேங்குது"ன்னார். நாங்க சிரிச்சோம். அரை வாளித் தண்ணியிலதான் குளிப்பார். டம்ளரை மேசை ஓரத்துல வெச்சா திட்டு விழும். ஒருநாள் காலையில பார்த்தா, வீட்டு நாற்காலி எல்லாம் ஜன்னல் கம்பியோட கயித்தால கட்டிக் கிடக்கு!

உண்மையான சிக்கல் பாட்டிக்குத்தான். ரேஷன் கார்டுல இருந்து அத்தை கல்யாணம் வரைக்கும் நாப்பது வருஷம் தனியா பார்த்தவங்க. திடீர்னு ஒருத்தர் வந்து "அரிசி மூட்டையை அங்க வை, இதை இங்க மாத்து"ன்னா எப்படி இருக்கும்? "இது தோணி இல்ல, வீடு. நான் ஒங்க ஆளும் இல்ல"ன்னு ஒரே போடு போட்டாங்க. அன்னைக்கே தாத்தா பாயைச் சுருட்டிக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து காத்து எந்தப் பக்கம்னு பார்ப்பார். திரும்பப் படுப்பார்.

மூணாவது செமஸ்டர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர். மெட்டாசென்டர் எனக்குப் புரியவே இல்லை. சும்மா தாத்தாவுக்கு போன் பண்ணேன். "கனமான சரக்கை மேல வெச்சா தோணி கவுந்துடும். எல்லாத்தையும் அடியிலயே வெச்சா கவுறாது, ஆனா வெடுக் வெடுக்குன்னு ஆடும், ஆள் நிக்க முடியாது"ன்னார். புரொஃபசர் போர்டு முழுக்க எழுதினது ரெண்டே வரியில முடிஞ்சது.

போன வருஷம் மாடிப்படியில வழுக்கி விழுந்து தாத்தாவுக்குக் கை உடைஞ்சது. அப்பா மாடிக் கதவைப் பூட்டி, சாவியை என்கிட்ட கொடுத்தார். அன்னைக்கு ராத்திரி தாத்தா வந்து "சாவி எங்கய்யா?"ன்னு கேட்டார். "தெரியல தாத்தா"ன்னேன். சாவி என் பாக்கெட்டுலதான் இருந்தது. அவருக்கும் அது தெரியும். ஒண்ணும் சொல்லாம போய்க் கட்டில்ல உட்கார்ந்தார். விடியிற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தார்.

அவர் விழுந்துடக் கூடாதுன்னுதான் பூட்டினோம். தப்புன்னு இப்பவும் சொல்ல முடியல. ஆனா அந்தப் பொய்தான் இன்னும் உறுத்துது.

இந்த டிசம்பர் லீவுல, அப்பா தூங்கினதும் பூட்டைத் திறந்தேன். தாத்தா கையைப் பிடிச்சு ஒவ்வொரு படியா ஏத்தினேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல பாய் விரிச்சுப் படுத்தோம்.

"வாடைக்காத்து. இதுல பாய் விரிச்சா கொழும்புக்கு ஒரே ஓட்டம்"ன்னார்.

வேலை கிடைச்சிருக்கு, ஜூன்ல புனே போகணும்னு சொன்னேன். சம்பளம் எவ்வளவுன்னு கேட்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டார்:

"அங்க மொட்டை மாடி இருக்கா?"