கரிய எண்ணெயும் கடகடச் சத்தமும்

டீசல் கார் வைத்திருப்பவர் வீடு திரும்பும்போது வாசல் மணியை அழுத்த வேண்டுவதில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அடுப்பில் தோசைக்கல் ஏறிவிடும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நம் அன்பர்களும் கூடவே சிரித்துவைப்பார்கள், ஆனால் மனத்துக்குள், "போன மாதத்தைவிடச் சத்தம் சற்று அதிகமோ?" என்ற கவலை அரித்துக்கொண்டிருக்கும். அந்தக் கவலையைப் பற்றியே ஈண்டு எழுத முற்பட்டோம். கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குக் காரிலேயே போய்வரும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. போக ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், வர அவ்வளவே. குழந்தை குட்டிகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவருக்கு இது வேடிக்கைப் பேச்சு அன்று.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி ஒன்று எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் காய்ந்துவிடும். அந்தச் சூட்டிலே டீசலைப் பீச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஆயினும் பீச்சிய கணத்திலேயே பற்றுவதில்லை. கண் இமைப்பதிலும் மிகச் சிறிய தாமதம் ஒன்று உண்டு. அதற்குள் உள்ளே சேர்ந்துவிட்ட டீசல் அனைத்தும் ஒருசேரப் பற்றும்போது விழுகிற அடிதான் நம் காதில் 'கடகட'வென்று கேட்கிறது. காலைக் குளிரில் இந்தத் தாமதம் நீளுவதால் சத்தமும் கூடுகிறது. டில்லியில் வாழும் உறவினரின் வண்டி தை மாதத்தில் இரைவதும், நம் வண்டி அவ்வளவு இரையாததும் இதனால்தான்.

1998-இல் வெளிவந்த டாட்டா இண்டிகாவின் டீசல் எஞ்சினைக் கேட்டவர்கள் இன்றைய வண்டிகளை வாயில்லாப் பூச்சி என்பார்கள். பிற்பாடு வந்த காமன் ரெயில் ஏற்பாட்டில், முக்கியப் பங்கு டீசலைப் பீச்சுவதற்கு முன் ஒரு துளியை முன்னோட்டமாகப் பீச்சி நெருப்பை மெல்ல மூட்டிவிடுகிறார்கள். அடி தணிந்தது. ஆனால் முற்றிலும் போகவில்லை, போகவும் போகாது. ஆகவே, பழகிய கடகடப்பைக் குறைப்பதற்காக ஆயில் மாற்றுவதும், தடித்த ஆயில் ஊற்றுவதும், புட்டியில் விற்கும் மருந்தைக் கலப்பதும் காசுக்குக் கேடு என்பதே நமது துணிபு. அந்தச் சத்தம் எரிவதில் பிறக்கிறது, உராய்வதில் பிறக்கவில்லை.

காது கொடுக்க வேண்டிய சத்தங்கள் வேறு. விடியற்காலையில் எஞ்சினை எழுப்பியதும் ஓரிரண்டு நொடி சங்கிலி இழுபடுவது போன்ற 'கரகர' சத்தம் கேட்டு நின்றால், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் உறுப்புக்கு எண்ணெய் அழுத்தம் தாமதித்துப் போய்ச் சேருகிறது என்று ஐயுறலாம். மேற்புறம் 'டிக் டிக்' என்று சீராகக் கேட்பது வால்வுப் பக்கத்துச் சேதி. இதுவரை இல்லாத ஊளை டர்போவிலிருந்து எழுந்தால், அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது என்பதையும், அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அடியிலிருந்து கனமான 'தொம் தொம்' சத்தமும் கூடவே சிவப்பு ஆயில் விளக்கும் வந்தால் யோசிக்க இடமில்லை. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று எண்ணுவது எஞ்சினைக் கொல்லுவதற்குச் சமம்.

நிற்க. காதைப் போலவே நம்மை ஏய்ப்பது கண். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் டிப்ஸ்டிக்கை உருவி நம் மூக்குக்கு நேரே நீட்டி, "ஸாப், தேல் காலா ஹோ கயா" என்பார். கறுக்கத்தான் செய்யும். டீசல் எரிந்தால் புகைக்கரி உண்டாகும். அதில் ஒரு பகுதி எண்ணெயில் வந்து சேரும். கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பிரித்து மிதக்கவிடும் சரக்குகளை நல்ல ஆயிலில் கலந்திருக்கிறார்கள். புதிய ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதுமே கறுத்துவிட்டால் அது தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். வயதான டீசல் வண்டியில் எத்தனை நாள் ஆனாலும் ஆயில் தேன் நிறத்திலேயே இருந்தால் அன்றோ சந்தேகப்பட வேண்டும்!

அப்படியாயின் எதை நம்புவது? கணக்கை நம்புவது. நம் பாட்டிமார் பால் கணக்கைச் சுவரில் கோடு கிழித்து வைத்தார்களே, அத்தகைய கணக்கு.

2023-ஆம் ஆண்டு மே மாதம் முலுந்திலிருந்து கிளம்பிய குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். பல கம்பெனிகளின் வண்டிகளில் பொருத்தப்பட்ட 1.3 லிட்டர் எஞ்சின். காலையில் அந்தக் 'கரகர' சத்தம் இருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயிலை இறக்காமலே மேலே ஒரு டப்பா தடித்த ஆயிலை ஊற்றினார்கள். சத்தம் அடங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். சாத்தாராவுக்கு முன் காம்பட்கி கணவாயை வண்டி நன்றாகவே ஏறிற்று. மறுநாள் சித்ரதுர்க்கா தாண்டியதும் 'படார்' என்ற சத்தத்தோடு எஞ்சின் நின்றது. செயின் பல் தாண்டிவிட்டது. எண்பது வயதுப் பாட்டியார் நெடுஞ்சாலை ஓரத்து வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பின்னர்ச் சம்பைக் கழற்றியபோது அடியில் களிம்பு போல் கசடு. கடைசியாக ஆயில் மாற்றிப் பதினான்கு மாதமும் 19,000 கிலோமீட்டரும் ஆகியிருந்தது ரசீதைத் தேடி எடுத்த பிறகே தெரிந்தது. சத்தத்தை அடக்கியவர்கள் நோயை அடக்கவில்லை. பழைய வண்டி வாங்கப் போகும் அன்பர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: தடித்த ஆயில் ஊற்றி எஞ்சினைச் சாதுவாக்கி விற்பது சந்தையில் வழக்கமான வித்தை.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? முன்பெல்லாம் 5,000 என்று சொல்லிவந்தார்கள். அன்றைக்கு அது நியாயமே. பி.எஸ். இரண்டு தர டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் இருந்தது. கந்தகம் எரிந்து அமிலமாகி எண்ணெயின் காரத் தன்மையைத் தின்றுவிடும். பி.எஸ். நான்கில் அது 50 ஆயிற்று. 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பி.எஸ். ஆறில் 10. எண்ணெயும் தேறியிருக்கிறது. ஆதலால் பல வண்டிகளின் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முந்துகிறதோ அது என்கிறது. நம் வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே பிரமாணம்.

ஆனால் அதே கையேட்டில் 'கடினமான உபயோகம்' என்று சிறிய எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். குறுகிய தூரம், நின்று நின்று ஓடுதல், தூசி: மும்பை வாழ்க்கையை எட்டிப் பார்த்து எழுதியது போல் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலையில் மணிக்கு 60 வீதம் 10,000 கிலோமீட்டர் ஓட எஞ்சினுக்கு 167 மணி நேர உழைப்பு. சயனிலிருந்து அந்தேரிக்கு நெரிசலில் மணிக்கு 20 வீதம் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 500 மணி நேரம். மைல்கல் ஒன்றே, உழைப்பு மூன்று மடங்கு. நகரத்துக்குள்ளேயே ஓடும் டீசல் காருக்கு 5,000 முதல் 7,500-க்குள் மாற்றிவிடுவது வீண் செலவு ஆகாது என்பது நம் கருத்து.

பி.எஸ். ஆறு டீசல் வண்டி வைத்திருப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிரம்பியதும் எஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்திச் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றிக் கரியை எரித்துத் தீர்க்கும். அந்த வேலை நடுவே, வீடு வந்துவிட்டதென்று நாம் சாவியைத் திருப்பினால் அரைகுறையாக நின்றுவிடும். இப்படி அடிக்கடி நேர்ந்தால், எரியாத டீசல் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் குறைவதற்கு மாறாக உயரும். "பரவாயில்லை, எண்ணெய் தின்னவில்லை" என்று மகிழ்வோரும் உளர். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் உடனே மாற்றியே தீர வேண்டும். நீர்த்த எண்ணெய் தாங்காது. வடிகட்டி விளக்கு எரிந்தால் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் கூட்டமில்லாத வேளையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். இவ்வகை வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் மட்டுமே ஏற்றது; கையேட்டில் ஸி2 அல்லது ஸி3 என்று குறித்திருப்பார்கள். மலிவுக்கு லாரி ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். அந்தச் சாம்பல் எத்தனை சூட்டுக்கும் எரியாது.

ஊருக்குக் கிளம்ப எண்ணுவோர் இரண்டு வாரம் முன்னதாகவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிக்கொள்வது நலம். எண்ணெய் சூடாக இருக்கும்போது இறக்கச் சொல்லி அருகில் நில்லுங்கள். ஊற்றிய பின் எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சமதரையில் மட்டம் பாருங்கள். கிளம்பும் நாளிலும், திரும்புகையில் தொப்பூர்க் கணவாய் ஏறுமுன்னும் மறுபடி பாருங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் சிறிய நோட்டில் குறித்து வண்டிக்குள்ளேயே வையுங்கள்.

காலி டப்பாக்களை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவராதீர்கள். அசல் டப்பாவில் போலி எண்ணெய் அடைத்து விற்போர் அவற்றுக்காகவே காத்திருக்கிறார்கள். அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் தீர்ந்தது. செம்பூரில் நம் அன்பர் ஒருவர் துளையிட்ட டப்பாக்களைக் கழுவி மண் நிரப்பி நந்தியாவட்டை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தொட்டி வீதம் பால்கனி நிரம்பிவருவதாகச் சொல்கிறார்.