மணலுக்குள் தொலைந்த மைதானம்

கோல்ஃப் என்றாலே பணக்காரர்களின் பச்சைக் கம்பளம் என்றுதான் பலருக்கும் தோன்றும். ஸ்காட்லாந்தின் மேற்கே, சவுத் யூயிஸ்ட் தீவில் உள்ள அஸ்கெர்னிஷ் மைதானம் கொஞ்சம் வேறு ரகம்.

1891-ல் தீவின் நிலவுடைமையாளர் லேடி கார்டன் காத்கார்ட் அழைத்ததன் பேரில் ஓல்ட் டாம் மாரிஸ் வந்து 18 குழிகளுக்கு இடம் குறித்தார். கடலோர மணற்குன்றுகள் கிடந்தபடியே ஆடுகளமாயின. காலப்போக்கில் ஆட்டம் சமதளத்தில் 9 குழிகளாகச் சுருங்க, குன்றுகளுக்குள் இருந்தவை புல் மூடி மறைந்தன. 2005-ல் கார்டன் இர்வின் என்ற மைதான நிபுணர் வந்து பழைய தடத்தைத் தேடினார். 2008-ல் 18 குழிகளும் மீண்டும் திறந்தன.

ஆடுவது சுலபமில்லை. உயர அடித்த பந்தை அட்லாண்டிக் காற்று இழுத்துப் போய்விடும்; தாழ்வாக உருட்டத் தெரிந்தவர் பிழைப்பார். மேடு பள்ளத்தில் நல்ல அடியும் கோணலாகத் துள்ளும். உயரப் புல்லுக்குள் போன பந்து போனதுதான்! குளிர்காலத்தில் ஆடுமாடுகள்தான் இங்கே புல்லைக் குறைக்கின்றன.

அந்த மேய்ச்சல்தான் சண்டைக்கும் காரணம். உரிமை பறிபோகுமோ என்று சிறு விவசாயிகள் சிலர் எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். பயத்தில் நியாயமும் உண்டு. 1851-ல் இதே தீவின் குடும்பங்களை வெளியேற்றிக் கனடாவுக்குக் கப்பல் ஏற்றியவர், அந்த அம்மையாரின் முதல் கணவருடைய தந்தை.

2006-ல் தீவு மக்களே எஸ்டேட்டை விலைக்கு வாங்கினார்கள். நிலம் இப்போது அவர்களுடையது. எங்கே மாடு, எங்கே பந்து என்று சண்டை போட்டுக்கொள்ளும் உரிமையும்தான்.